அம்மாவோட பிரஷர் மாத்திரை: வீட்டுக்கு வர்றதுலயும் அம்லோடிபின், பிரைவேட்ல எழுதினதுலயும் அம்லோடிபின், ரெண்டும் சேத்து போடலாமா?

ஓசூர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க அம்மாவுக்கு வயசு 62, பாலக்கோடு பக்கத்துல கிராமம், நான் ஓசூர்ல வேலைல இருக்கேன், லீவு கெடச்சா தான் ஊருக்கு போக முடியுது. அம்மாவுக்கு பல வருஷமா பிரஷர் இருக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல ஒரு அக்கா மாசா மாசம் வீட்டுக்கே வந்து பிரஷர் பாத்துட்டு மாத்திரை குடுத்துட்டு போவாங்க, அது அம்லோடிபின் 5 எம்ஜி. அம்மாவும் ஒழுங்கா போட்டுட்டு இருந்தாங்க.

போன மாசம் தல பாரமா இருக்குது, பின்மண்டை வலிக்குதுன்னு சொன்னாங்கன்னு தம்பி தர்மபுரில ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிருக்கான், அங்க பாத்தப்ப 168/100 இருந்திருக்கு, அவர் புதுசா ஒரு மாத்திரை எழுதி குடுத்து இத தெனம் காலைல போடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. இப்ப நான் ஊருக்கு வந்து அந்த அட்டைய திருப்பி பாக்கறேன், டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. அம்மா பழைய மாத்திரையயும் விடல, அது கவர்மெண்ட் மாத்திரை இது டாக்டர் மாத்திரைன்னு ரெண்டையும் காலைல ஒண்ணா தான் போட்டுட்டு இருக்காங்க. பழைய மாத்திரைய டாக்டர்கிட்ட காட்டுனியாடான்னு தம்பிய கேட்டா பிரஷருக்கு மாத்திரை போடறாங்கன்னு சொன்னேன்ங்கறான், என்ன மாத்திரைன்னு அவரும் கேக்கல இவனும் காட்டல.

இப்ப என்னன்னா சாயந்திரம் ஆனா ரெண்டு காலும் கணுக்கால்கிட்ட வீங்கிக்குது, அமுத்துனா குழி விழுது. உக்காந்து எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுங்கறாங்க. பக்கத்து வூட்டு பெரியம்மா வந்து பாத்துட்டு இது கிட்னி கெட்டு போனதுக்கு அடையாளம், ரெண்டு மருந்து கலந்த மாத்திரைலாம் ஆகாது, எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்லிட்டு போயிருக்காங்க, அம்மா அதுல பயந்துட்டாங்க. நிறுத்தலாமா, ஒண்ண மட்டும் விடலாமா, இந்த ரெண்டு மருந்து சேந்த மாத்திரை நெஜமாவே பாதுகாப்பானதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மாந்தோப்பு_காரிமங்கலம்:

சகோதரி மொதல்ல பயப்படாதீங்க. எங்கப்பாவுக்கும் இதே மாதிரி கால் வீக்கம் வந்துச்சு, அம்லோடிபின் போடறவங்களுக்கு இது சகஜம்னு டாக்டர் சொன்னாரு. ஆனா நாம போன்ல கேட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல இது. வீட்ல இருக்கற எல்லா அட்டையும் ஒரு பைல போட்டு அந்த டாக்டர்கிட்டயே எடுத்துட்டு போயி காட்டுங்க.

பார்மசிஸ்ட்_கிருஷ்ணகிரி:

நான் டாக்டர் இல்லீங்க, மருந்தாளுநர். தெனம் கவுண்டர்ல நிக்கறவன்ங்கறதால இந்த விஷயம் அடிக்கடி பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

உங்கம்மா இப்ப ஒரு நாளைக்கு அம்லோடிபின் 5ம் 5ம் பத்து எம்ஜி, கூட டெல்மிசார்டன் 40 போடறாங்க. பத்து எம்ஜிங்கறது பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குடுக்கற உச்ச அளவு, அதனால அம்மா விஷத்த சாப்டுட்டாங்கன்னு பதற வேண்டாம், ஆனா டாக்டர் யோசிச்சு குடுத்த பத்து வேற, ரெண்டு பக்கத்துல இருந்து வந்து யாருக்கும் தெரியாம சேந்த பத்து வேற. அம்லோடிபின் ரத்தக்குழாய விரிய வைக்குது, அப்ப கால்ல இருக்கற நுண்ணிய குழாய்ல இருந்து நீர் வெளிய கசிஞ்சு கணுக்கால்ல நிக்கும், 5ஐ விட 10ல இது ரொம்ப அதிகமா வரும், பொம்பளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். அதனால வீக்கத்துக்கு இது காரணமா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ஆனா கிட்னி, இதயம், ஈரல் கோளாறுலயும் கால் வீங்கும், அதனால நானா ஒரு முடிவு சொல்லிட மாட்டேன், டாக்டர் பாத்துட்டு ரத்தம், யூரின் டெஸ்ட் எழுதுவாரு.

ரெண்டு மருந்து ஒரே மாத்திரைல இருக்கறது தப்பே இல்லீங்க. பிரஷருக்கு ஒரே மருந்த டபுள் ஆக்குனா பிரஷர் கொஞ்சம் தான் எறங்கும், பக்கவிளைவு மட்டும் நல்லா ஏறும், அதுக்கு பதிலா வேற வழில வேலை செய்யற இன்னொரு மருந்த கம்மி அளவுல சேத்தா நல்லா எறங்கும். டெல்மிசார்டன் ஏன் கூட வருதுன்னா அது ரத்தக்குழாய் சுருங்கறத வேற பக்கத்துல இருந்து தடுக்குது, அதோட அம்லோடிபினால வர்ற கால் வீக்கத்தயும் ஓரளவு கொறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019ல இந்த மாதிரி கூட்டு பிரஷர் மாத்திரைங்கள அத்தியாவசிய மருந்து பட்டியல்ல சேத்துச்சு, 2021ல வந்த அவங்க வழிகாட்டுதல்ல ஒரே மாத்திரையா குடுத்தா நல்லதுன்னே எழுதியிருக்காங்க, ஏன்னா ஒரு மாத்திரைன்னா ஜனங்க விடாம போடுவாங்க.

பிரச்சனை கலவைல இல்ல, பேர்ல தான். கம்பெனிக்கு ஒரு பேரு, பேருக்கு பின்னாடி ஏஎம், எச், சிடின்னு ஒரு வாலு. ஏஎம்னா பெரும்பாலும் அம்லோடிபின், எச்னா ஹைட்ரோகுளோரோதயசைடுங்கற நீர் பிரிக்கற மருந்து, சிடின்னா குளோர்தாலிடோன், அதுவும் நீர் மருந்து தான். ஆனா கம்பெனிக்கு கம்பெனி இது மாறும், அதனால வால பாத்து நம்பிடாதீங்க, அட்டை பின்னாடி பொடி எழுத்துல இருக்கற மருந்து பேரும் எம்ஜியும் தான் கணக்கு. கவர்மெண்ட் அட்டைல கம்பெனி பேரே பெருசா இருக்காது, மருந்து பேரு தான் இருக்கும், பிரைவேட் அட்டைல கம்பெனி பேரு பெருசா இருக்கும், அதனால உள்ள இருக்கறது ஒண்ணு தான்னு ஜனங்களுக்கு தோணவே தோணாது, கலரும் வேற சைஸும் வேற. ஒரு கம்பெனி மாத்திரை ஸ்டாக் இல்லன்னு வேற கம்பெனி குடுக்கும்போதும் இதான் நடக்குது, வீட்ல பழசு மிச்சம் இருக்கும், புதுசயும் சேத்து போடுவாங்க.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, இன்னைக்கே அந்த டாக்டர் க்ளினிக்குக்கு போன் பண்ணி தனியா அம்லோடிபின் 5ம் போடறாங்க, கால் வீக்கம் கிறுகிறுப்பு இருக்குன்னு இதே வார்த்தைல சொல்லுங்க. தனி அம்லோடிபின நிறுத்தவான்னு அவர்கிட்ட நேரடியா கேளுங்க. போன் கெடைக்கலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர பாருங்க, இல்ல 104ங்கற மருத்துவ உதவி எண்ணுக்கு கூப்டு கேளுங்க. எல்லாத்தயும் மொத்தமா நிறுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம், 168/100 இருந்தவங்க அவங்க. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்து போறது, பேச்சு குழறுறது, மயங்கி விழறது இதுல எது வந்தாலும் யாரையும் கேக்காம 108.

இன்னொண்ணு, பிரஷர் தவிர வேற என்னென்ன மாத்திரை போடறாங்க? கடைல சொல்லி வாங்கறதயும் சேத்து சொல்லுங்க.

ஓசூர்_பொண்ணு:

ரொம்ப நன்றிங்கண்ணா. க்ளினிக் நம்பர் எடுக்கல, சாயந்திரம் மறுபடியும் பண்றேன். வேற மாத்திரைன்னா சுகர் இல்ல. முட்டி வலி இடுப்பு வலி ரொம்ப நாளா இருக்கு, அதுக்கு மெடிக்கல்ல சொல்லி வாங்கி போடுவாங்க, அட்டைல அசெக்ளோஃபெனாக் பாராசிட்டமால்னு இருக்கு. களையெடுக்க போற நாள்ல எல்லாம் கண்டிப்பா ஒண்ணு போட்ருவாங்க. இதுவும் சொல்லணுமா?

பார்மசிஸ்ட்_கிருஷ்ணகிரி:

கட்டாயம் சொல்லணும்மா, இத கேக்கறதுக்கு தான் அந்த கேள்வியே கேட்டேன். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இந்த வகை வலி மாத்திரைங்க உடம்புல உப்பயும் தண்ணியயும் தேக்கி பிரஷர ஏத்தும், கால் வீக்கத்தயும் ஏத்தும், பிரஷர் மருந்தோட வேலைய கெடுக்கும். அம்மாவுக்கு ஏன் 168 போச்சுங்கறதுக்கே இது ஒரு காரணமா இருக்கலாம். டெல்மிசார்டன் மாதிரி மருந்து போடறவங்க இத தொடர்ந்து போட்டா கிட்னிக்கு போற ரத்த ஓட்டம் கொறையும், அதோட நீர் மருந்தும் சேந்துச்சுன்னா, அதாவது எச் வாலு இருக்கற கலவையா இருந்தா, மூணும் சேந்து கிட்னிய திடீர்னு படுக்க வச்சிரும், அதுவும் வெயில்ல வேலை பாத்து தண்ணி சரியா குடிக்காத நாள்ல. பெரியம்மா கிட்னின்னு பயந்தாங்க பாருங்க, அவங்க பயப்பட வேண்டியது இந்த வலி மாத்திரைக்கு தான்.

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் இத இன்னும் அழுத்தி சொல்ல வேண்டியிருக்கு. போர் தண்ணில ஃப்ளோரைடு, பல வருஷம் அத குடிச்சவங்களுக்கு மூட்டும் எலும்பும் வலி, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல வந்ததே ஃப்ளோரைடுக்காக தான். வயசானவங்க பாதி பேரு கைல வலி மாத்திரை இருக்கு, அதே கைல பிரஷர் மாத்திரையும் இருக்கு, ரெண்டயும் ஒருத்தர்கிட்டயே காட்டறதில்ல. முட்டிக்கு என்ன குடுக்கலாம்னு டாக்டர கேளுங்க, வெறும் பாராசிட்டமாலா, தடவற மருந்தா, பிசியோதெரபியான்னு அவர் சொல்லுவாரு.

தக்காளி_மண்டி:

நான் ராயக்கோட்டைல இருந்து எழுதறேன். என் அபிப்ராயம் வேறங்க. ரெண்டு மூணு மருந்து கலந்து ஒரே மாத்திரைல குடுக்கறது கம்பெனிக்காரங்க வியாபாரம், கவர்மெண்டே முன்னூத்து சொச்சம் கலவை மருந்த தடை பண்ணுச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. எங்க மாமனார் இந்த மாதிரி மாத்திரைல ஆரம்பிச்சு இப்ப டயாலிசிஸ் வரைக்கும் போயிட்டாரு. அதனால அம்மாவ உப்பு கொறச்சு, களி, கீரை, கொள்ளுன்னு சாப்ட சொல்லி மெதுவா மாத்திரைல இருந்து வெளிய கொண்டு வாங்க.

அரூர்_நர்ஸ்:

அண்ணா, உங்க மாமனார் விஷயம் கேட்டு கஷ்டமா இருக்கு. ஆனா அந்த தடை பத்தி சொல்லணும். 2018ல மத்திய அரசு 328 கூட்டு மருந்த தடை பண்ணது உண்மை, காரணமே இல்லாம கலந்ததுன்னு சொல்லி பண்ணாங்க. கலவைன்னாலே தப்புன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, டெல்மிசார்டன் அம்லோடிபின் இன்னைக்கும் முறையா விக்கற, டாக்டருங்க எழுதற மருந்து. கிட்னி கெட்டு போறதுக்கு சுகரும் கட்டுப்படாத பிரஷரும் தான் பெரிய காரணம், பிரஷர் அதிகமா இருந்ததால மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க, பிரஷரே கிட்னிய அடிச்சிருக்கும், பழி மாத்திரை மேல விழுது. வார்டுல பக்கவாதம் வந்து படுத்திருக்கறவங்க வீட்டுக்காரங்கள கேட்டா மாத்திரைய நடுவுல நிறுத்திட்டாங்கன்னு தான் நெறைய பேரு சொல்றாங்க, அத கேட்டு கேட்டு எனக்கு மனசே ஆறாது, அதனால தான் இவ்ளோ சொல்றேன்.

உப்பு கொறைக்கறது, நடக்கறது நீங்க சொன்னது சரிதான், நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூனுக்குள்ள, அதாவது 5 கிராமுக்குள்ள. ஊறுகா, அப்பளம், கருவாடு எல்லாம் அந்த கணக்குல தான் வரும். ஆனா அது மாத்திரையோட கூட, மாத்திரைக்கு பதிலா இல்ல. இதுல ஒரு எச்சரிக்கை, கடைல சோடியம் கம்மின்னு ஒரு உப்பு விக்கறாங்க, அதுல பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டன் ரத்தத்துல பொட்டாசியத்த ஏத்தற மருந்து, கிட்னி சரியில்லாதவங்க ரெண்டும் சேத்தா இதயத்துடிப்பு தாறுமாறாகற அளவுக்கு போகலாம். பிரஷருக்கு நல்லதுன்னு நெனச்சு தான் வாங்குவாங்க, அதனால டாக்டர கேக்காம வாங்க வேண்டாம்.

ஓசூர் தங்கச்சிக்கு: வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட புது மாத்திரை அட்டைய காட்ட சொல்லுங்க, அவங்க குறிச்சு வெக்கற பதிவு அட்டைலயும் எழுதிக்க சொல்லுங்க. மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான், 2021 ஆகஸ்ட் 5ம் தேதி. அந்த அக்காங்க நல்லா வேலை செய்றாங்க, ஆனா பிரைவேட்ல என்ன எழுதுனாங்கன்னு நாம சொன்னா தான அவங்களுக்கு தெரியும்.

பிரஷர் பாக்கறதும் சரியா பாக்கணும். டீ காப்பி குடிச்சு அரை மணி நேரம் போகணும், அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, கால் தரைல, கை நெஞ்சு உயரத்துக்கு மேசை மேல, பேசக்கூடாது. மணிக்கட்டுல கட்டற மெஷின் வேண்டாம், மேல் கைல கட்டறது வாங்குங்க. அம்மாவுக்கு எந்திரிக்கும்போது கிறுகிறுப்புன்னு சொன்னீங்கல்ல, உக்காந்து ஒரு தடவ, எந்திரிச்சு நின்னு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஒரு தடவ பாத்து எழுதுங்க, மேல் நம்பர் 20க்கு மேல எறங்குனா அத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும், வயசானவங்க விழுந்து இடுப்பு எலும்பு ஒடைறது இப்படித்தான். அதுவரைக்கும் ராத்திரி பாத்ரூமுக்கு போக டக்குன்னு எந்திரிக்காம, கட்டில் ஓரத்துல கொஞ்சம் உக்காந்துட்டு போக சொல்லுங்க.

மாந்தோப்பு_காரிமங்கலம்:

சிஸ்டர் ஒரு சந்தேகம், காலைல போடறதா ராத்திரி போடறதா எது நல்லது? எங்கப்பா ராத்திரி தான் போடறாரு, சில நாள் மறந்துடறாரு, மறந்தா அடுத்த நாள் ரெண்டு போடலாமா? அவர் மாத்திரை எல்லாம் பிரிச்சு ஒரு டப்பால போட்டு வச்சிருப்பாரு, மறக்காம இருக்கறதுக்காக.

பார்மசிஸ்ட்_கிருஷ்ணகிரி:

இதுக்கு நான் சொல்லிடறேன். இங்கிலாந்துல 21,000 பேருக்கு மேல வச்சு பண்ண ஒரு பெரிய ஆய்வு 2022ல வந்துச்சு, காலைல போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்துல வித்தியாசம் இல்லன்னு. அதனால மறக்காத நேரம் எதோ அதான் நல்ல நேரம். நீர் மருந்து கலந்திருந்தா மட்டும் காலைல போடறது வசதி, இல்லன்னா ராத்திரி முழுக்க எந்திரிச்சுட்டே இருக்கணும். மறந்தா அன்னைக்குள்ள ஞாபகம் வந்தா போடலாம், அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடுங்க, ரெண்டா போடவே கூடாது.

டப்பா விஷயம் நல்லவேளை கேட்டீங்க. டெல்மிசார்டன் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், அட்டைல இருந்து பிரிச்சு வச்சா கெட்டுடும், போடற நேரத்துக்கு தான் பிரிக்கணும். டப்பால வெக்கணும்னா கத்தரில அட்டையோட கட் பண்ணி வெய்ங்க. அதே மாதிரி கூட்டு மாத்திரைய பாதியா ஒடச்சு போடறதும் வேண்டாம், பல மாத்திரைல ரெண்டு அடுக்கா மருந்து இருக்கும், அளவு கொறைக்கணும்னா டாக்டர் வேற அளவு எழுதுவாரு.

வாந்தி பேதி, கடும் காய்ச்சல்னு உடம்புல நீர் வத்தற நாள்ல டெல்மிசார்டனோ நீர் மருந்தோ போடறவங்க வழக்கம்போல போட்டுட்டே இருக்காம அன்னைக்கே டாக்டர கேளுங்க, சில சமயம் ரெண்டு நாள் நிறுத்தி வெக்க சொல்லுவாங்க. அவர் சொல்லி நிறுத்தறது, சரியானதும் அவர் சொன்ன மாதிரி மறுபடி ஆரம்பிக்கறது.

ஓசூர்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி, அப்டேட் போடறேன்னு நெனச்சு லேட் ஆயிடுச்சு. அன்னைக்கு சாயந்திரமே க்ளினிக்ல பேசிட்டோம், டாக்டர் தனி அம்லோடிபின நிறுத்த சொல்லிட்டு கூட்டு மாத்திரைய மட்டும் தொடர சொன்னாரு, அப்புறம் எல்லா அட்டையும் எடுத்துட்டு நேர்ல போனோம். வலி மாத்திரைய பாத்துட்டு தான் அவர் ரொம்ப கோபப்பட்டாரு, இத யாரு குடுத்தான்னு கேட்டாரு. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற க்ரியாட்டினின், அப்புறம் பொட்டாசியம், சோடியம், யூரின் எல்லாம் எடுத்தோம், நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு, அம்மாவுக்கு அத கேட்டப்புறம் தான் மூஞ்சில தெளிச்சலே வந்துச்சு. வீக்கம் மெதுவா வத்திருச்சு. பிரஷர் வீட்ல பாக்கறப்ப 130, 135க்குள்ள நிக்குது, நின்னு பாத்தாலும் பெருசா எறங்கல. முட்டிக்கு தடவற மருந்தும் ஜி.எச்ல பிசியோதெரபியும் எழுதி குடுத்திருக்காரு. வீட்டுக்கு வர்ற அக்கா இனிமே அந்த அம்லோடிபின குடுக்காம, கூட்டு மாத்திரை பேர எழுதிட்டு பிரஷர் மட்டும் பாத்துட்டு போறாங்க. மாத்திரை செலவு தான் மாசா மாசம் ஆகுது.

பார்மசிஸ்ட்_கிருஷ்ணகிரி:

ரொம்ப சந்தோஷம்மா. செலவுக்கு முதல்வர் மருந்தகம் இல்ல ஜன் ஔஷதி கடைல மருந்து பேர சொல்லி கேளுங்க, வெல நல்லா கொறையும். அம்மாவ பி.எச்.சில காட்டி டெல்மிசார்டனும் அம்லோடிபினும் தனித்தனியா இலவசமா கெடைக்குமான்னு கூட கேக்கலாம், ரெண்டா போட்டாலும் அதே மருந்து தான். எப்படி மாத்துனாலும் பழைய அட்டைய வீட்ல வெக்காதீங்க.

பர்கூர்_தங்கை:

இந்த பேச்ச படிச்சுட்டு கேக்கறேன். எங்க அக்காவுக்கு 31 வயசு, டெல்மிசார்டன் அம்லோடிபின் கலந்தது போடறாங்க, இப்ப கொழந்தைக்கு ட்ரை பண்றாங்க, நாள் தள்ளி போயிருக்கு. இந்த மாத்திரை பரவாயில்லையா?

அரூர்_நர்ஸ்:

தங்கச்சி, இது அவசரம். டெல்மிசார்டன், லோசார்டன், ஒல்மிசார்டன், அப்புறம் எனலாபிரில், ராமிபிரில் இந்த வகை எதுவும் கர்ப்பத்துல போடக்கூடாது, கொழந்தையோட கிட்னிய பாதிக்கும். இன்னைக்கே யூரின் டெஸ்ட் பண்ணிட்டு, பாசிட்டிவோ இல்லையோ, அடுத்த மாத்திரை போடற நேரத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசிடுங்க. கர்ப்பத்துக்கு ஒத்துக்கற பிரஷர் மருந்து தனியா இருக்கு, லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபான்னு, அதுக்கு மாத்தி குடுப்பாங்க. பிரஷர மருந்தே இல்லாம விட்டாலும் ஆபத்து தான், அதனால நிறுத்திட்டு வீட்ல உக்காந்துராதீங்க, மாத்திக்கிட்டு வாங்க. பர்கூர் ஜி.எச்ல பாக்கலாம், அட்டைய மறக்காம எடுத்துட்டு போங்க.